கோட்டை விழாத ஞாயிற்றுக்கிழமைகள்

சாப்பாட்டு மேசையைக் கோட்டை பிடித்துக்கொண்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. அட்டையும் தெர்மாகோலும் வெட்டி ஒட்டி, சாம்பல் வண்ணம் பூசி, மதிலின் விரிசல்களில் பாசிகூட ஏற்றிய கோட்டை. அதற்கு வெளியே சுண்டுவிரல் உயரத்தில் எலும்புக்கூடுகள் ஒரு படை, தாடி வைத்த குள்ளர்கள் ஒரு படை. உள்ளே இரும்புக் கவசம் போட்ட வீரர்கள். எல்லாரும் ஆணி அடித்த மாதிரி நின்ற இடத்திலேயே நின்றார்கள். அவர்களை நகர்த்த வேண்டிய ஆட்கள்தான் வந்தபாடில்லை.

அன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானமே அவள் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டு, பகடைகளைக் கிண்ணத்தில் எடுத்து வைத்து, அளவு நாடாவை மேசை ஓரத்தில் சுருட்டி வைத்திருந்தாள். முதலில் வக்கீலிடமிருந்து செய்தி வந்தது: கடையில் சரக்குக் கணக்கு பார்க்கிறார்களாம், நகர முடியாதாம். அடுத்தது ரொட்டி அண்ணன்: அடுப்பு ரிப்பேர். கடைசியில் அவளுடைய சொந்தத் தம்பி: எங்கேயோ நெடுஞ்சாலையில் லாரி ஒன்று படுத்துவிட்டது, அவன் போனை வைக்க முடியாத நிலையில் இருக்கிறான். தொடர்ந்து நாலாவது ஞாயிறு. அவள் பல்லைக் கடித்தாள். பல்லைக் கடிப்பது அவள் தொழிலுக்கே விரோதமான காரியம்.

அவள் வேலை பல் லேபில். டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்துக்கொண்டு, விழுந்த பல்லுக்குப் பதில் பல் செய்து தருவாள். பக்கத்துப் பல்லின் மஞ்சள் எவ்வளவு, நுனியில் கண்ணாடி மாதிரி தெரிகிற நீலம் எவ்வளவு என்று பார்த்து, மூன்று மயிர் மட்டுமே இருக்கும் தூரிகையால் பீங்கானில் நிறம் ஏற்றுகிற வேலை. அந்தக் கையும் அந்தத் தூரிகையும்தான் அவளை இந்த விளையாட்டுக்குள் இழுத்து விட்டன. தம்பி ஒரு நாள் நாலு பிளாஸ்டிக் வீரர்களைக் கொண்டுவந்து, "அக்கா, இவங்களுக்குக் கொஞ்சம் கலர் அடிச்சுக் குடேன்" என்று கேட்டான். அவள் அடித்துக் கொடுத்தது கலர் மட்டும் இல்லை. ஒருவனுக்குக் கன்னத்தில் தழும்பு வைத்தாள், ஒருவனுக்குத் தூக்கம் இல்லாத கண். அதோடு அவளுக்கு அவர்களைப் பற்றிய கதையும் வர ஆரம்பித்துவிட்டது.

விளையாட்டு சதுரங்கம் மாதிரி கட்டத்துக்குள் நடப்பதில்லை. ஆளுக்கு ஒரு படை. நாடாவால் அளந்து படையை நகர்த்த வேண்டும். யார் அடித்தார், யார் விழுந்தார் என்பதைப் பகடை சொல்லும். ஒரு நாள் சண்டை ஒரு ஆட்டம். ஆனால் அவள் அதை ஒரு நாளோடு விடவில்லை. வரைபடம் போட்டாள். ஆறு, மலைக் கணவாய், சுங்கச் சாவடி, நகரங்கள். இந்த வாரம் இழந்த நகரம் அடுத்த வாரமும் இழந்ததுதான். கேம்பெய்ன் என்று சொன்னார்கள் அதை. ஒன்றரை வருஷமாக நடந்தது. அவள் எந்தப் படையும் வைத்துக்கொள்ளவில்லை, எல்லாருக்கும் பொதுவாக உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னாள். அதனால் நடுவர் என்றே பெயர் வந்துவிட்டது. தம்பியைத் தவிர யாரும் அவளை வேறு எப்படியும் கூப்பிடுவதில்லை.

வக்கீல் உண்மையில் வக்கீல் கிடையாது. மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். விதிப்புத்தகத்தில் ஒரு காற்புள்ளி கிடைத்தால்கூட அதைப் பிடித்துக்கொண்டு தொங்குவார், அதனால் அந்தப் பட்டம். எலும்புப்படை அவருடையது. குள்ளர்படை ரொட்டி அண்ணனுடையது. நாலு பேரிலும் மூத்தவர். பேக்கரி வைத்திருப்பவர், விடியுமுன்னே எழுந்து மாவு பிசைகிற மனிதர். ஞாயிறு சாயங்காலம் அவள் வீட்டு நாற்காலியில் சாய்ந்தாரானால் தன் முறை வரும்வரை லேசாகக் குறட்டை விடுவார். கோட்டைக்குள் இருக்கும் கவசப்படை, சரக்கு லாரிக் கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பியுடையது.

வம்பு ஆரம்பித்தது கோட்டை முற்றுகையின் முதல் நாளில்தான். வக்கீலிடம் எலும்பு டிராகன் ஒன்று உண்டு. அவர் அதை மதிலுக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்தி, அதன் தலை மதிலைவிட உயரம் என்பதால் உள்ளே இருப்பவர்கள் அதற்குத் தெரிவார்கள், தெரிந்தால் நெருப்பு ஊதலாம் என்றார். அவள் முடியாது என்றாள். அவர் பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். அவள் அதற்கும் முடியாது என்றாள். குரல் உயர்ந்தது. கடைசியில் வக்கீல் அளவு நாடாவைச் சுருக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டு, அடுத்த வாரம் பேசிக்கொள்ளலாம் என்று எழுந்து போனார். அந்த அடுத்த வாரம்தான் இன்னும் வரவில்லை.

டிராகன் ஊதக் கூடாது என்பதற்கு அவளிடம் ஒரு காரணம் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மதில் மூன்று நாள் தாங்க வேண்டும். மூன்றாம் நாள் விடியலில் காவலாளி ஒருவன் உள்ளிருந்தே கதவைத் திறந்துவிட வேண்டும். அந்தக் காவலாளியை அவள் எட்டு மாதத்துக்கு முன்பே வண்ணம் தீட்டி, சாவிக் கொத்து வைத்து, கோட்டை எழுந்ததும் கதவருகே நிறுத்தியிருந்தாள். முதல் நாளே நெருப்பு விழுந்தால் அவன் கருகிப் போவான். கதையும் கருகிப் போகும்.

புருஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஷிஃப்ட் முடிந்து வந்தவர் மேசையைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், தட்டை எடுத்துக்கொண்டு சோபாவுக்குப் போய்விட்டார்.

அதற்கடுத்த புதன்கிழமை, லேபில் பார்சல் எடுத்துப் போகிற ஆள் வரவில்லை. அவசரமாகக் கொடுக்க வேண்டிய பல் ஒன்று இருந்தது. அவளே எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் கொடுத்தாள். திரும்பி வரும் வழியில் ரொட்டி அண்ணன் பேக்கரி. போனில் கெஞ்சிக்கொண்டிருப்பதைவிட நேரிலேயே கேட்டுவிடலாம், வருவீர்களா மாட்டீர்களா என்று இரண்டில் ஒன்று தெரிந்துகொள்ளலாம் என்று நினைத்தாள். காலை வியாபாரம் முடிந்து ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனாள். பின்கட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அதில் ஒரு சிரிப்பு, தம்பி பிறந்ததிலிருந்து அவள் கேட்ட சிரிப்பு.

மாவு தேய்க்கும் எஃகு மேசையைச் சுற்றி மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். மைதா மாவைக் குவித்து மலை. ரொட்டி அச்சுகளைக் கவிழ்த்து வீடுகள். அவற்றுக்கு நடுவே வண்ணமே பார்க்காத, அச்சிலிருந்து பிய்த்தெடுத்த சாம்பல் பிளாஸ்டிக் படைகள். ஒரு குதிரை வீரனுக்குப் பதில் சோடா பாட்டில் மூடி வைத்திருந்தார்கள். பல்லில் நிறம் இம்மி பிசகினாலும் உடைத்துத் திருப்பிச் செய்கிறவள் அவள். அந்த மூடி அவள் நெஞ்சில் குத்தியது. அதைவிடக் குத்தியது ரொட்டி அண்ணன். கண் பளிச்சென்று விழித்துக்கொண்டு, மாவுக் கையால் பகடையைக் குலுக்கிக்கொண்டிருந்தார். தம்பியின் போன் தூரத்து அலமாரியில் குப்புறக் கிடந்தது.

முதலில் அவளைப் பார்த்தது வக்கீல். நீட்டிய நாடாவோடு அப்படியே நின்றார்.

"அடுப்பு ரிப்பேர்னு சொன்னீங்களே அண்ணே" என்றாள்.

ரொட்டி அண்ணன் பொய் சொல்லத் தெரியாத ஆள். "ரிப்பேர்தாம்மா. ஆனா அது அன்னிக்கு மத்தியானத்துக்குள்ளயே சரியாயிடுச்சு" என்றார். ஒரு முக்காலியை முந்தானையால் துடைக்கிற மாதிரி தன் ஏப்ரனால் துடைத்து அவள் பக்கம் தள்ளினார். அவள் உட்காரவில்லை.

எப்போதிருந்து என்று கேட்டாள். டிராகன் சண்டைக்கு அடுத்த புதனிலிருந்து என்று தெரிந்தது. வக்கீல் தொண்டையைச் செருமிக்கொண்டு, பறக்கும் பிராணிகளின் பார்வை பற்றி விதியில் தெளிவாகவே இருக்கிறது என்று ஆரம்பித்தார். அந்த டிராகனை இப்போது எடுக்காதீர்கள் என்று அவள் வெட்டிவிட்டாள்.

தம்பிதான் பேசினான். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"டிராகன் விஷயமே இல்லக்கா. உன் வீட்டுல நாங்க பகடைய உருட்டுறோம். என்ன விழணும்னு நீ ஏற்கெனவே முடிவு பண்ணி வச்சிருக்க. ஆத்தங்கரைச் சண்டையில என் தளபதி செத்துட்டான். நீ காயம்தான்னு சொல்லிட்ட. எனக்கு நல்லதுதான் பண்ண, இல்லேங்கல. ஆனா அவன் செத்துட்டான்க்கா. எல்லாரும் பாத்தோம்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ கேப்பியா?"

அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இருந்தது, நிறையவே இருந்தது. ஒன்றரை வருஷம் யார் உட்கார்ந்து வரைபடம் போட்டது, யார் உங்கள் அத்தனை பேர் ஆட்களுக்கும் கண் வைத்தது, யார் வீட்டு மேசை, யார் வீட்டு டீ. சொன்னால் அழுதுவிடுவாள் போல் இருந்தது. வக்கீல் எதிரில் அழுவதற்கு அவள் தயாராக இல்லை. "விளையாடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினாள். ஷட்டரில் தலையை இடித்துக்கொண்டாள். நல்லவேளை, யாரும் பின்னால் வரவில்லை.

மறுநாள் லேபில் கடைவாய்ப் பல் ஒன்றை இரண்டு முறை கெடுத்தாள். பக்கத்து மேசைக்காரி என்னவென்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை, ஒரு டிராகன் என்றாள்.

சனிக்கிழமை சாயங்காலம் கோட்டையைப் பிரித்துப் போட்டுவிடுவது என்று தீர்மானித்து மேசை முன் உட்கார்ந்தாள். முதலில் எடுத்தது கிணற்றடி ஜனங்களை. கோட்டைக்குள் சும்மா பார்வைக்கு என்று அவள் வைத்த ஊர்க்காரர்கள் அவர்கள். வாளியோடு ஒருத்தி, இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி, சம்மட்டியோடு கொல்லன், ஒரு நாய். யாருடைய படையிலும் சேராதவர்கள். ஒவ்வொருத்தரையாகப் பஞ்சில் சுற்றிக்கொண்டே, புருஷனிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். தம்பி செய்தது துரோகம் என்றாள். சோடா மூடியைப் பற்றி இரண்டு தடவை சொன்னாள்.

அவர் சோபாவில் இருந்தபடி கேட்டார். மருந்து கொடுக்கும் நேரம் கேட்பது போல, சாதாரணமாக.

"சரி, அந்தக் கோட்டை விழணுமா, வேண்டாமா?"

"விழணும். மூணாம் நாள்."

"மூணாம் நாள்னு யாரு சொன்னா?"

"நான்தான்."

சொல்லிவிட்டு அவளே தன் வார்த்தையைக் கேட்டாள். அவர் மேற்கொண்டு எதுவும் பேசவில்லை. பேசியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். பேசாததால் கோபத்தை வைக்க இடம் இல்லாமல் போயிற்று. கொஞ்ச நேரம் வாளிக்காரியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் பஞ்சைப் பிரித்து அவளை மறுபடி கிணற்றடியில் நிறுத்தினாள். போனை எடுத்து மூன்று பேருக்கும் எழுதினாள்: நாளைக்கு வந்தால் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், புத்தகமும் பகடையும் சொல்வதுதான், ஊர்ஜனங்களை என் படையாக வைத்து நானும் ஆடுகிறேன், வராவிட்டால் திங்கட்கிழமை கோட்டை குப்பைக்குப் போகிறது.

மூன்று பேரும் வந்தார்கள். துக்க வீட்டுக்கு வருகிற மாதிரி வந்தார்கள். ரொட்டி அண்ணன் ஒரு பை நிறைய பன் கொண்டுவந்து யார் கையில் கொடுப்பது என்று தெரியாமல் வைத்துக்கொண்டே நின்றார். தம்பி போனை அணைத்து அவள் கண் முன்னாலேயே பைக்குள் போட்டான். ஊர்ஜனங்களுக்கு எவ்வளவு பலம் என்று கேட்டபோது வக்கீல் புத்தகத்தைத் திறந்தார். ஆயுதப் பயிற்சி இல்லாதவர்கள் என்று ஒரு வகை இருந்தது. அதற்குக் கீழே வேறு வகை இல்லை.

ஆட்டம் ஆரம்பித்தது. முதல் சுற்றிலேயே டிராகன் மதிலுக்கு எதிரே வந்து நின்றது. வக்கீல் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"ஊதட்டுமா?"

"என்னைக் கேக்காதீங்க. புத்தகத்தக் கேளுங்க."

ஊதினார். நெருப்பின் அளவுக்கு வெட்டிய அட்டையை மதிலுக்கு மேலே பிடித்தபோது, அதன் கீழே கிணற்றடி முழுவதும் வந்தது. சாவிக் கொத்துக் காவலாளியும் வந்தான். அவள் பகடையை உருட்டினாள். ஒன்றும் இரண்டுமாக விழுந்தது. கொல்லன் போனான். குழந்தைக்காரி போனாள். நாய் போயிற்று. காவலாளி, எந்தக் கதவையும் திறக்காமலே போனான். வாளிக்காரி கிணற்றுக்குப் பின்னால் இருக்கிறாள், கிணறு மறைவுதானே என்று அவள் வாதாடினாள். கிணறு என்பது பள்ளம், பள்ளத்துக்குள் இறங்கி நின்றால்தான் மறைவு என்றார் வக்கீல். அதற்குச் சுற்றுச்சுவர் இருக்கிறது, நானே கட்டியது என்றாள். இடுப்பு வரை மறைத்தால் போதும் என்றது புத்தகம், உயரம் அளந்து பார்த்தார்கள். வாளிக்காரியின் இடுப்புக்கு ஒரு மயிரிழை கீழே நின்றது சுவர். அவள் முகம் சிவந்தது. அரை நாள் உட்கார்ந்து ஒவ்வொரு கல்லாக ஒட்டிய சுவர் அது. இன்னும் ஒரு வரிசை ஒட்டியிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்?

அடுத்த சுற்றில் தம்பி தன் தளபதியை வெளியே அனுப்பினான். ஆற்றங்கரையில் செத்தும் சாகாமல் இருந்த அதே தளபதி. புத்தியுள்ள யாரும் அந்த நேரத்தில் வெளியே அனுப்பமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும், சொல்லவும் வாய் வந்தது, அடக்கிக்கொண்டாள். குள்ளர்கள் சூழ்ந்துகொண்டார்கள். ரொட்டி அண்ணன் உருட்டினார். மூன்று பகடையிலும் ஆறு.

பழக்க தோஷம், மூன்று பேரும் அவளைத்தான் பார்த்தார்கள். தளபதியின் சிவப்பு மேலங்கி அவள் தீட்டியது. மடிப்புக்குள் ஒரு சிவப்பு, மடிப்புக்கு மேல் ஒரு சிவப்பு, ஓரத்தில் பழுத்த ஒரு சிவப்பு. அவன் கிழவனாகி, வாளை இறக்கி வைத்து, மகளுக்குப் பட்டம் கட்டுவதுவரை அவள் மனசுக்குள் எழுதி வைத்திருந்தாள்.

"செத்துட்டான்" என்றாள்.

தம்பி மெல்ல அவனை எடுத்து மேசை ஓரத்தில் படுக்க வைத்தான். "சாகட்டும்க்கா. நல்லாத்தான் செத்தான்" என்றான். அவன் குரலில் இருந்த சந்தோஷம் அவளுக்குக் கொஞ்சமும் புரியவில்லை.

அதற்குப் பிறகு கோட்டை நிற்கவில்லை. கதவு உடைந்தது, எலும்புகள் உள்ளே புகுந்தன, மிச்சம் இருந்த கவசக்காரர்கள் படிக்கட்டில் ஒவ்வொருவராக விழுந்தார்கள். ஊற்றி வைத்த டீ ஆறுவதற்குள் ஒன்றரை வருஷம் முடிந்துவிட்டது. விடியலும் இல்லை, துரோகமும் இல்லை. ரொட்டி அண்ணன் முழு ஆட்டத்திலும் ஒரு கொட்டாவிகூட விடவில்லை என்பதை அவள் கவனித்தாள். அதுவும் அவளுக்கு ஆத்திரமாகத்தான் இருந்தது.

"நான் எழுதி வச்சிருந்தது இதவிட நல்லா இருந்துச்சு" என்று வாய்விட்டே சொன்னாள்.

"கண்டிப்பா இருந்திருக்கும்மா" என்றார் ரொட்டி அண்ணன். மனசாரச் சொன்னார்.

சாமான்களைக் கட்டி எடுத்துக்கொண்டு மற்ற இருவரும் இறங்கிப் போன பிறகு தம்பி வாசலில் நின்றான். புதன்கிழமை விஷயத்தை மறைத்தது தப்புதான் என்றான். அவள் இல்லை என்று சொல்லவில்லை.

"கோவம் இன்னும் போகலடா."

"தெரியும். புதன்கிழமை வருவியா?"

"லேப் இருக்கு."

"மூணு மணிக்கு விட்டுருவாங்கல்ல?"

அவள் கதவைச் சாத்தினாள். ஆனால் புதன்கிழமை போனாள். அவளுக்கென்று ஒரு படை வேண்டும் என்று ரொட்டி அண்ணன் வண்ணம் பூசாத காட்டுமிராண்டிக் கூட்டம் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். அதற்கு வண்ணம் அடிக்க வேண்டாம், அப்படியே ஆடுங்கள் என்று வக்கீல் சொன்னது அவளுக்குப் பச்சையான அவமானமாகப் பட்டது. மைதா மலையின் மேல் அவர்களை ஏற்றினாள். தோற்றாள். அடுத்த புதனும் தோற்றாள். அதற்கடுத்த வாரம் சோடா மூடியிடமே தோற்றாள்.

இதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. விதி அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். எந்தப் பக்கத்தில் எந்த விதிவிலக்கு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். ஆனால் எப்போது முன்னேற வேண்டும், எப்போது பதுங்க வேண்டும் என்பது கை வரவில்லை. ஒன்றரை வருஷம் எல்லாருக்கும் மேலே இருந்து பார்த்தவளுக்கு, ஒரு பக்கத்திலிருந்து பார்க்கத் தெரியவில்லை. ஒவ்வொரு புதனும் சிடுசிடுத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள். செவ்வாய்க்கிழமை வந்தால் மறுநாள் லேபை எப்படிச் சீக்கிரம் முடிப்பது என்று யோசித்துக்கொண்டிருப்பாள்.

இன்னொரு புதன்கிழமையும் அவளுடைய கூட்டத்தில் பாதிப் பேர் விழுந்துவிட்டிருந்தார்கள். மீதிப் பேர் ஒரு ரொட்டி அச்சின் பின்னால் ஒடுங்கி நின்றார்கள். போன சுற்றிலேயே நீங்கள் இடது பக்கமாகப் பின்வாங்கியிருக்க வேண்டும், அப்படிச் செய்யாததற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம் என்று வக்கீல் விரலை மடக்கி விளக்க ஆரம்பித்தார்.

"வாய மூடிட்டு உருட்டுங்க" என்றாள் அவள்.